எதிரணிக் கதவு

சனிக்கிழமைகளில் எனக்கு வேலை
ஒரு கதவைத் திறப்பது, மூடுவது.
இடுப்புயரக் கதவு. குளிர் ஏறினால் தாழ்ப்பாள் ஒட்டிக்கொள்ளும்.
தபால் நிலையத்தில் ஐந்து நாள் முத்திரை குத்தும் கை
ஆறாம் நாள் குற்றவாளிகளுக்குக் காவல்.

எதிரணிக் குற்றவாளிகளுக்கு.
எங்கள் பையன்களின் பெட்டி அந்தப் பக்கம்.
அங்கே ஆர்வோ கங்காஸ், விசிலடித்துக்கொண்டு,
யாரும் அவரைக் கேட்பதில்லை.
எனக்கு எழுதியே கொடுத்திருக்கிறார்கள்:
கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது,
சிரிப்பதென்றால் குனிந்துகொள்ளவும்.

வந்திருப்பது ஏரியின் அந்தக் கரைக் கல்லூரி.
பெயரை இந்த ஊரில் யாரும் சொல்வதில்லை.
"அவங்க" என்றால் போதும்,
ரொட்டிக்கடையில்கூடப் புரியும்.
எழுபத்தொரு வருடப் பகை. காரணம் கேட்டால்
திருடுபோன மணி என்பார் ஒருவர்,
நின்றுபோன கல்யாணம் என்பார் இன்னொருவர்.
பதினோரு வருடமாக
எங்கள் வீட்டுப் பனியிலேயே எங்களைப் போட்டுத்
தேய்த்துவிட்டுப் போகிறார்கள்.

இன்று எள் விழ இடமில்லை.
வெளியே மைனஸ் இருபத்தாறு. உள்ளே
ஈரக் கம்பளி, வறுத்த வெங்காயம், மூவாயிரம் பேர் மூச்சு.
இரண்டுக்கு இரண்டு.
மூன்று நிமிடம் பதினோரு விநாடி மீதி இருக்கையில்
வுகெலிச்சின் கணுக்காலில் ஒரு மட்டை கொக்கி போட்டது.
ரெஃப்ரியின் கை உயர்ந்தது.

பதினேழாம் எண்.
திறந்தேன். பெஞ்சில் வந்து விழுந்தான்,
உலைமூடியைத் தள்ளியது போலச் சட்டையிலிருந்து ஆவி.
உதடு கிழிந்திருந்தது. துண்டு கொடுத்தேன்.
"நான் செய்யல."
எல்லோரும் சொல்வது அதுதான்.
"சரி" என்றேன்.
எல்லோரிடமும் நான் சொல்வது அது.

இரண்டு நிமிடச் சிறை. ஆனால் அதற்குள்
அவன் அணியின் வலையில் கோல் விழுந்தால்
அந்த நொடியே அவனுக்கு விடுதலை.
இதை யோசித்தவர் நல்ல மனசுக்காரரா
கெட்ட மனசுக்காரரா, இன்றுவரை தெரியவில்லை.

ஐந்து பேருக்கு நான்கு பேர்.
வட்டு எங்களிடம். மட்டைக்கு மட்டை
அவசரமே இல்லாமல், தாயக்காய் நகர்த்துவது போல.
ட்ரெவார்த்தன் அடிக்கப்போனான், அடிக்கவில்லை, தள்ளினான்.
வுகெலிச், அந்த நொண்டுகிற காலோடு,
கோல்கீப்பரின் முட்டியில், கம்பத்தில்,
"டிங்",
உள்ளே.

கண்ணாடித் தடுப்பு என் தோளில் அதிர்ந்தது.
வயிற்றிலிருந்து ஏதோ ஏறித் தொண்டைவரை வந்தது.
விழுங்கினேன்.
கதவைத் திறந்தேன்.

அவன் எழவில்லை.
"போகலாம் நீ."
பார்த்தான். பத்தொன்பது இருக்கும்,
மீசை என்று ஒன்றை முயன்றுகொண்டிருந்தான்.
"எங்கே?" என்றான்.

பிறகு போனான். துண்டோடு.

ஒரு நிமிடம் முப்பத்தாறு விநாடி இன்னும்.
கோல்கீப்பரை வெளியே இழுத்து
ஆறு பேராக வந்து மோதினார்களாம்.
எங்கள் ஒசியக் கடைசி அடியைத்
தொண்டைக் கவசத்தில் வாங்கினானாம்.
நான் பார்க்கவில்லை. தாழ்ப்பாள் சிக்கிவிட்டது,
சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தேன்.
பதினோரு வருடம் காத்திருந்துவிட்டு
முடிகிற நொடியில் குனிந்திருந்தேன்.

மாணவர்கள் வழக்கப்படி ஏரிமீன் எறிந்தார்கள்.
பதினோரு வருடம் உறைபெட்டியில் கிடந்த மீன் என்று
பின்னால் யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு.
ஒன்று சறுக்கி என் பெட்டிக்குள் வந்து நின்றது,
வாயைத் திறந்தபடி.
அதற்கு மட்டும் தடை எதுவும் இல்லை போல.

கணக்கு ஒப்படைக்கப் போனேன்.
"துண்டு இருபது கொடுத்தோமே, மார்லிஸ்?"
"ஒண்ணு கிழிஞ்சிருச்சு."

மணி பதினொன்று நாற்பது.
வண்டி முரண்டு பிடித்து, பிறகு இரங்கியது.
தெரு முழுக்க ஹாரன், யாரோ குப்பைத்தொட்டி மூடியைத்
தாளம் தட்டிக்கொண்டு ஓடினார்கள்.
ஜன்னல்களை ஏற்றினேன். இரண்டு பக்கமும் பார்த்தேன்.

கத்தினேன்.

சொல் இல்லை அது. கோல் என்றுகூட இல்லை.
முன்கண்ணாடி முழுக்க வெளுத்துவிட்டது.
வீடு போய்ச் சேர
கையுறையால் தேய்த்துத் தேய்த்து
ஒரு சின்ன வட்டம் உண்டாக்கவேண்டியிருந்தது.